ஓதம் வருவதற்குள்

என் பேர் பைனா. என் வேலை விசிறுவது.
ஜார்ஜியாக் கரையின் இந்த நெல்தோட்டமும்,
ஆற்று மடைகளும், நானும்
துரைக்குச் சொந்தம்.
அவர் மகன் பாடம் படிக்கையில்
பாகுத் தட்டில் ஈ உட்காரக் கூடாது.
வான்கோழி இறகு விசிறியோடு
மேசைக்கு எதிர்ப்புறம் நிற்பேன்.
புத்தகத்தின் அட்டை எனக்கு,
உள்ளே இருப்பதெல்லாம் அவனுக்கு.

காதை யார் கட்டிப்போட முடியும்?
ஆர், ஐ, சி, ஈ... ரைஸ் என்று இழுப்பான்,
பிழியாத துணி போல, சொட்டச் சொட்ட.
"சி எப்படி இருக்கும்? பிறை மாதிரி!"
வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டுவார்.
அவன் மறந்துவிடுவான்.
நான் மறக்கவில்லை.

அண்ணன் மிங்கோவுக்குப் பீப்பாய்ப் பட்டறை.
பழுக்கக் காய்ச்சிய இரும்பால்
மூடிக்கு மூடி முத்திரை சுடுவான்,
மூன்று வருஷமாக அதே வடிவங்கள்.
உருவம் அவனிடம். ஒலி என்னிடம்.
அது எங்களுக்கே தெரிய
ஒரு மழைக்காலம் ஆனது.

படகுத்துறைக்கு அடியில், நீர் வற்றும் நேரம்,
கறுத்த சேறு பலகையாகக் கிடக்கும்.
சிப்பி ஓடுதான் எழுதுகோல்.
ஓதம் ஏறும் நேரம் தினமும் ஒன்றாக இருக்காது,
நிலவு சொல்கிறபடி தள்ளித் தள்ளிப் போகும்.
எங்கள் பள்ளிக்கூடமும் அப்படியே:
ஒருநாள் நடுச்சாமம்,
ஒருநாள் கோழி கூவுமுன்,
பகலில் வற்றினால் விடுமுறை.
எழுதியதை அழிக்க நாங்கள் மெனக்கெட்டதில்லை.
ஓதம் வரும், ஓதியதைக் கொண்டுபோகும்.
பக்கத்துத் தோட்டத்துக் குவாஷுக்கு
வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
எதற்காக என்று யாரும் உரக்கச் சொல்வதில்லை.

முதல் இரவு மிங்கோ நான்கு உருவம் கீறினான்.
மூன்று பல் சீப்பு.
பிறை.
வெறும் குச்சி.
அப்புறம் ஒரு குச்சி, அதற்கொரு வயிறு, உதைக்கும் ஒரு கால்.
"பிறை! அது சி!" என்றேன்.
ஆனால் பையன் சொன்னதில் சி-க்கு முன்னால் இரண்டு,
இங்கே ஒன்றுதான்.
விரல் விட்டு எண்ணி எண்ணிச் சலித்தேன்.
மிங்கோ திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.
"இரும்புல எல்லாம் எதிரா இருக்கும் பைனா,
மரத்துல விழுந்தாத்தான் நேராகும்!"
மறுகோடியிலிருந்து பிடித்தேன்.
ஆர். ஐ. சி. ஈ.
அரிசி!

"மூணு வருஷமா அரிசின்னுதான் சுட்டுக்கிட்டிருந்தேனா?"
முழங்கையை வாயில் வைத்து அமுக்கிச் சிரித்தான்.
நாங்கள் நட்டது, களை பறித்தது, உமி போகக் குத்தியது.
எங்கள் உலைக்கு நொய் மட்டும் வந்தது.
அந்த அரிசி.
கடைசி எழுத்து மட்டும் வாய் திறக்காது,
மேசையோரம் என்னைப் போல.

பிறகு ஒரு காலை,
புத்தகம் இருக்கும் இடத்தில் ஒரு காகிதம்.
பாகு தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டு
துரை கையெழுத்திட்டார்.
எனக்கு அது தலைகீழ்.
மிங்கோவோடு படித்தவளுக்குத் தலைகீழ் ஒரு பொருட்டா?
பெயர், விலை. பெயர், விலை.
நான்காவது வரியில் அண்ணன். எழுநூறு.
விசிறியை நான் நிற்க விடவில்லை.
ஒரு ஈ என் உதட்டில் வந்து உட்கார்ந்தது.

அன்று விடியலுக்குச் சற்று முன்தான் நீர் வற்றியது.
அவன் பெயரைச் சேற்றில் எழுதினேன்,
பக்கத்தில் அந்த எண்ணையும்.
நெடுநேரம் பார்த்தான்.
பிறகு சிப்பியை வாங்கி ஒரு குச்சி, இரண்டு வயிறு,
என் பெயரின் முதல் எழுத்து.
வழக்கம்போல் வயிறு தப்பான பக்கம்.
"திருப்பிப் போடு."
"மாட்டேன். இதை வச்சுத்தான் நீ என்னைக் கண்டுபிடிக்கணும்."

ஓதம் ஏறியபோது துறையில் ஒரு படகு குறைந்தது.
நாய்கள் பதினோரு நாள் குரைத்தன.

அடுத்த ஆண்டு வடக்கிலிருந்து வந்த கப்பலில்
உப்புமீன் பீப்பாய்கள்.
காலியானதும் கழுவ என்னை அனுப்பினார்கள்.
பதினேழாவதுக்குள் தலையை விட்டேன்.
அடிப்பலகையில், கட்டைவிரல் அகலத்தில்,
சுட்ட கருப்பில் ஒரு குச்சி.
இரண்டு வயிறும் தப்பான பக்கம்.

வேறு யாரோ ஒருவனின் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

"பைனா" என்றேன் மெல்ல.
"பைனா" என்றது பீப்பாய்.
இன்னும் முடியலையா என்று வெளியே யாரோ கத்தினார்கள்.
எல்லாப் பீப்பாயையும் மறுபடி கழுவினேன்,
அடிப்பலகையில் அந்த ஓர் இடம் தவிர.